முசலி முஸ்லிம்கள் வெளியேற்றம் (1990)

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் தம் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். அப்போது மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள முசலிப் பிரதேசம் தன் மக்களில் பெரும்பாலோரை இழந்தது. வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மன்னார் மாவட்டத்தவர். மாவட்டத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பிரிவு முசலி. ஆகவே மற்ற இடங்களில் ஒரு சமூகம் போய் ஊர் எஞ்சியது என்றால், இங்கே ஊர்களே இல்லாமல் போயின. இந்த வெளியேற்றம் ஒரே மாதத்தில் தொடங்கி முடிந்த நிகழ்ச்சியாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. முசலியின் பிற்கால வரலாறு அந்தக் கணிப்பை ஏற்க விடுவதில்லை. ஆயுதம் தாங்கியவர்கள் ஒரு மக்களை ஊரைவிட்டுத் துரத்துவது குற்றத்தின் ஒரு பாதி. துரத்தப்பட்டவர்கள் திரும்பி வந்தாலும் கால் ஊன்ற முடியாதபடி காலமும் காகிதமும் அந்த ஊரை மாற்றிவிடுவது மறுபாதி. முதற்பாதியைப் புலிகள் செய்தார்கள். மறுபாதியைப் போருக்குப் பிந்திய அரசின் அலுவலகங்கள் செய்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது இன்னதென்று விளங்கும்.

நிலமும் மக்களும்

முசலி, மன்னார்த் தீவுக்குத் தென்கிழக்கே பெருநிலக் கரையில் அமைந்த பிரதேசம். வடக்கே அரிப்புக்கு அருகே கடலில் கலக்கும் அருவி ஆறு, தெற்கே மோதரகம ஆறு, மேற்கே மன்னார் வளைகுடா, கிழக்கே காடு. மோதரகம ஆற்றுக்கு அப்பால் இருப்பது 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வில்பத்து. இந்தக் கரைக்கு எதிரேயுள்ள பார்களில்தான் இலங்கையின் பேர்பெற்ற முத்துச் சிப்பிகள் விளைந்தன. அரிப்பிலுள்ள கோட்டையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அங்கே கட்டிய மாளிகையின் இடிபாடுகளும் முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்த ஆட்சிகளின் எச்சங்கள். குளிப்புக் காலம் வந்தால் சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டிக் கரைகளில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு பட்டணமே எழும். 1905இல் நடந்த பெருங்குளிப்பின் முகாம் மறிச்சுக்கட்டியில் இருந்தது. சிப்பி குறைந்து அந்தத் தொழில் நின்ற பிறகு முசலியை உலகம் மறந்தது. அங்கே இருந்தவர்கள் குளத்து நீரில் நெல் விதைத்தும், மாடு வளர்த்தும், கரையில் வலை வைத்தும் வாழ்ந்தார்கள்.

சிலாவத்துறை, கொண்டச்சி, பொற்கேணி, அகத்திமுறிப்பு, பாலைக்குழி, கரடிக்குழி, மறிச்சுக்கட்டி முதலியவை முஸ்லிம் ஊர்கள். அரிப்பும் முள்ளிக்குளமும் கத்தோலிக்கத் தமிழர்களின் ஊர்கள். ஒரு பள்ளிவாசலுக்கும் அடுத்த தேவாலயத்துக்கும் இடையே சில மைல் தூரமே இருந்தது. இரு தரப்பாரும் பேசியது ஒரே தமிழ். கடலும் சந்தையும் இருவருக்கும் பொது. 1981 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்ட மக்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் முஸ்லிம்கள். வட மாகாணம் முழுவதையும் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து சதவீதம். இந்த விகிதத்தை மனத்தில் வைக்க வேண்டும். இருபதில் ஒருவராக இருந்த, படை எதுவும் இல்லாத ஒரு சிறுபான்மை, வடக்கின் இராணுவச் சமநிலையை மாற்றக்கூடிய சக்தியாக ஒருபோதும் இருந்ததில்லை.

பின்னணி

1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய – இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைக்க வழிவகுத்தது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் சிறு சிறுபான்மையாகச் சுருங்கினார்கள். அந்த அச்சத்திலிருந்தே முஸ்லிம்களின் தனி அரசியல் வலுப்பெற்றது; எம். எச். எம். அஷ்ரஃபின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அதன் குரலானது. 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர் மூண்டது. கிழக்கில் அது வெகு விரைவில் இரு சமூகங்களுக்கிடையிலான இரத்தப்பழியாக மாறியது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11 நள்ளிரவையொட்டி ஏறாவூரில் முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஓகஸ்டில் வீரமுனையிலும் பிற ஊர்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அரசு ஆயுதம் கொடுத்து வளர்த்த ஊர்காவல் படையைச் சேர்ந்த முஸ்லிம்களுக்கு அதில் பங்கிருந்தது. இரு சமூகத்துச் சாதாரண மக்களையும் ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தியதில் கொழும்பு அரசின் பொறுப்பு சிறிதன்று.

வடக்கில் நிலைமை வேறு. அங்கே முஸ்லிம் ஊர்காவல் படை இல்லை. தமிழ் – முஸ்லிம் கலவரமும் இல்லை. தமிழ் இயக்கங்களில் முஸ்லிம் இளைஞர்கள் சேர்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம் வணிகரும் தையற்காரரும் நகரின் அன்றாட வாழ்வோடு பிணைந்திருந்தார்கள். கிழக்கில் நடந்ததற்கான பழி, அதில் எந்தத் தொடர்பும் இல்லாத வடக்கின் மீது வந்து விழுந்தது என்பதே காலவரிசை சொல்லும் உண்மை.

வெளியேற்றம் நடந்த விதம்

ஒக்டோபர் நடுவில் சாவகச்சேரியில் வெளியேற்றம் தொடங்கியது. அடுத்த வாரங்களில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று பரவியது. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி சுற்றிவளைக்கப்பட்டுப் பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பின்னர், மாத இறுதிக்குள் முஸ்லிம்கள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தீவிலிருந்தவர்கள் கடற்கரையில் வெயிலிலும் மழையிலும் காத்துக் கிடந்து, கிடைத்த வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். முசலி மக்களில் பலருக்குத் தெற்கே காட்டுவழியே வழியாயிற்று. பிள்ளைகளைத் தோளில் சுமந்து, முதியவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, மறிச்சுக்கட்டி கடந்து புத்தளம் நோக்கி நடந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தின் முறை ஒக்டோபர் 30இல் வந்தது. ஒஸ்மானியா கல்லூரியை அண்டிய மைதானத்துக்கு மக்களைக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு சொன்னார்கள்.

எதை எடுத்துச் செல்லலாம் என்பதற்கு இடத்துக்கு இடம் வேறு வேறு வரம்பு இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆளுக்கு 150 ரூபாயும் மாற்றுடுப்பும் என்பதும், மன்னாரில் குடும்பத்துக்குச் சில பைகளும் 2,000 ரூபாயும் என்பதும் பதிவுகளில் அடிக்கடி வருகின்றன. சோதனைச் சாவடிகளில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவை கழற்றி வாங்கப்பட்டன. காணி உறுதிகளும் கடை நிலுவைக் கொப்பிகளும் வீட்டோடு போயின. அயல் தமிழர்கள் அழுதார்கள், சிலர் தடுக்கப் பார்த்தார்கள், சிலர் சாமான்களைப் பொறுப்பெடுத்து வைத்தார்கள் என்று வெளியேற்றப்பட்டவர்களே பின்னாளில் சாட்சியம் அளித்தார்கள். ஆளில்லாத வீடுகளின் கதவும் ஜன்னலும் ஓடும் மரமும் நாளடைவில் கழற்றப்பட்டன. சுவர்களுக்குள் பற்றை வளர்ந்தது.

சொல்லப்பட்ட காரணங்கள்

வெளியேற்றத்தை நியாயப்படுத்த மூன்று காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. முதலாவது, முஸ்லிம்களில் சிலர் இராணுவத்துக்கு உளவு சொன்னார்கள் என்பது. சிலர் சொன்னார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் அது தனி ஆட்களின் செயல். அத்தகையவர் தமிழரிலும் இருந்தனர், புலிகள் அவர்களை ஒவ்வொருவராகத் தேடித் தண்டித்தார்கள். தமிழரில் உளவாளி இருந்தபோது தமிழர் சமூகத்தையே யாரும் துரத்தவில்லை. ஒரு தரப்பில் குற்றம் ஆளுக்கு, மறுதரப்பில் குற்றம் சமூகத்துக்கு என்றால், அளவுகோலாக இருந்தது குற்றமன்று, பிறப்பு. யாழ் நகரத்துக் கடை முதலாளியும், முசலியில் மாடு மேய்த்தவரும், தொட்டிற் குழந்தையும் ஒரே ஆணைக்கு ஆளானது இதற்குப் போதிய சான்று.

இரண்டாவது காரணம், கிழக்கின் கொந்தளிப்பு வடக்கில் பழிவாங்கலாக வெடிக்காமல் முஸ்லிம்களைக் காக்கவே அனுப்பினோம் என்பது. போர்ச் சட்டம் இதற்கு ஓரளவு இடம் தருகிறது. மக்களின் பாதுகாப்புக்காகவோ தவிர்க்க முடியாத இராணுவத் தேவைக்காகவோ அவர்களை இடம்பெயர்க்கலாம் என்பது ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு இரண்டாம் மேலதிக நெறிமுறையின் 17ஆம் உறுப்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் காப்பாற்ற அனுப்புகிறவன் காதுத் தோட்டைக் கழற்றமாட்டான். உறுதிப் பத்திரத்தைப் பறிக்கமாட்டான். ஆபத்து நீங்கியதும் திரும்பி வாருங்கள் என்று சொல்வான். புலிகள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு அவர்களைத் திரும்ப விடவில்லை. எடுத்துச் செல்ல விதித்த வரம்பும் திரும்புவதற்கு விதித்த தடையும் சேர்ந்து பாதுகாப்பு வாதத்தைப் பொய்யாக்குகின்றன.

மூன்றாவது, கிழக்கிலிருந்த புலித் தளபதிகளின் வற்புறுத்தலுக்குத் தலைமை இணங்கியது என்ற விளக்கம். இது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆணை எப்படிப் பிறந்தது என்று சொல்வது அதை நியாயப்படுத்துவதாகாது. ஐந்து மாவட்டங்களில் இரண்டு வாரங்களுக்குள் ஒரே முடிவு நிறைவேறியதைப் பார்க்கும்போது, அது களத்தில் நின்ற ஒரு பொறுப்பாளரின் ஆத்திரத்தில் வந்ததன்று, மேலிடத்தின் தீர்மானம் என்பது தெளிவு. புலிகளின் தத்துவ ஆசிரியர் அன்ரன் பாலசிங்கம், 2002 ஏப்ரல் 10இல் கிளிநொச்சியில் இயக்கத் தலைவர் பிரபாகரனை அருகில் வைத்துக்கொண்டு நடத்திய செய்தியாளர் மாநாட்டில், அதை நியாயப்படுத்த முடியாத அரசியல் தவறு என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். சில நாட்களில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் மீள்குடியேற்றம் குறித்து உடன்பாடு கண்டனர். செய்தவர்களே கைவிட்ட வாதத்தை மற்றவர்கள் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

எவ்வகைக் குற்றம்

வடக்கின் வெளியேற்றத்தை இனப்படுகொலை என்று அழைப்போரும் உண்டு. பெருங்கொலை நடக்காததால் அது சிறு குற்றம் என்போரும் உண்டு. இரண்டும் பிழை. ராபேல் லெம்கின் 1944இல் வகுத்து, 1948 டிசெம்பர் 9இல் ஐ.நா. உடன்படிக்கையாகி, 1950இல் இலங்கையும் இணைந்த வரையறைப்படி, ஓர் இனத்தையோ மதக் குழுவையோ அழிக்கும் நோக்கமே இனப்படுகொலையின் உயிர்நாடி. மக்களைத் துரத்துவது மட்டுமே அந்த நோக்கத்தை நிறுவாது என்று பொஸ்னிய வழக்கில் 2007இல் சர்வதேச நீதிமன்றம் தீர்த்தது. முசலியில் நோக்கம் நிலத்தை ஒரு சமூகம் இல்லாததாக்குவது. அதற்குரிய பெயர் இனச்சுத்திகரிப்பு. சட்டத்தின் மொழியில், மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றான பலவந்த இடமாற்றம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ம. ஆ. சுமந்திரன் தமிழர் தரப்பிலிருந்து இதை இனச்சுத்திகரிப்பு என்றே வெளிப்படையாகச் சொன்னார். அதற்காகத் தம் தரப்பினரின் கண்டனத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கொலை இல்லாத வெளியேற்றம் சிறு குற்றமாகிவிடாது என்பதை ஐரோப்பிய யூதர்களின் வரலாறு காட்டுகிறது. 1940 ஒக்டோபர் 22, 23ஆம் தேதிகளில் தென்மேற்கு ஜெர்மனியின் பாடன், பலாட்டினேட் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 6,500 யூதர்களை நாசிகள் ரயிலேற்றிப் பிரான்சின் தெற்கே கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆயத்தமாகக் கொடுத்த அவகாசம் கால் மணியிலிருந்து இரண்டு மணி வரை. ஆளுக்கு 50 கிலோ சாமான், 100 மார்க் பணம். கொன்றொழிக்கும் முகாம்கள் அப்போது இயங்கத் தொடங்கவில்லை; அன்றைய நாசித் தலைவர்கள் பெருமைப்பட்டுக்கொண்டது தம் பகுதி யூதர் இல்லாத பகுதியாகிவிட்டது என்பதில். லோராக் நகரில் அடுத்த மாதமே அந்த வீடுகளின் கட்டிலும் மேசையும் தெருவில் ஏலம் போயின. அயலவர் கூடி நின்று வாங்கியது படங்களில் பதிவாகியிருக்கிறது. 1942இல் கூர்ஸிலிருந்த பலர் ஔஷ்விட்சுக்கு அனுப்பிக் கொல்லப்பட்டனர். அறுபது இலட்சம் யூதர்களையும் இலட்சக்கணக்கான ரோமா மக்களையும் விழுங்கிய அழிவுக்கு முன்படியாக நின்றது இத்தகைய வெளியேற்றமே.

இந்த ஒப்பீட்டை அளவோடு செய்ய வேண்டும். முசலி மக்கள் புத்தளம் போய்ச் சேர்ந்து உயிர் வாழ்ந்தார்கள். அவர்களை விரட்டிச் சென்று அழிக்கும் திட்டம் எதுவும் இருந்ததாகச் சான்றில்லை. புலிகளை நாசிகளோடு நிறுத்துவது வரலாறாகாது. ஒப்பிடத் தக்கவை முறையும் மனநிலையும்தான்: குறுகிய கெடு, அளந்து கொடுத்த பணம், பிறப்பை வைத்துப் பட்டியல், விட்டுப்போன பொருளுக்குப் புது உரிமையாளர். இந்த நான்கும் ஓரிடத்தில் கூடும்போது, துரத்தப்படுகிறவர்களின் உயிர் துரத்துகிறவர்களின் தயவில் நிற்கிறது. தயவு இருந்ததா இல்லையா என்பது பின்னால் தெரிவது. குற்றம் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு தமிழ் வாசகர்களிடையே வலுவானது. 1948இல் மலையகத் தமிழர் குடியுரிமை பறிக்கப்பட்டதும், தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையும், மணலாற்றிலிருந்து தமிழ்க் கிராமங்கள் பெயர்க்கப்பட்டதும், 2009இன் போர்ப் பேரழிவும் இருக்கையில், 75,000 பேரின் இடப்பெயர்வைப் பெரிதாக்குவது ஏன் என்பது அது. துயரங்களைத் தராசில் இட்டால் கனமானது எது என்பதில் ஐயமில்லை. ஆனால் தராசு இங்கே உதவாது. சொந்த நிலத்திலிருந்து இனத்தின் பெயரால் எவரையும் துரத்தக் கூடாது என்ற நியாயத்தின் மேல்தான் தமிழரின் நூற்றாண்டு முறைப்பாடு நிற்கிறது. அந்த நியாயத்துக்கு ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொண்டால் நஷ்டம் முஸ்லிம்களுக்கு மட்டுமன்று. மணலாற்றைப் பற்றிப் பேசும் உரிமையும் கூடவே தேய்கிறது.

புத்தளத்தில் இருபது ஆண்டுகள்

வந்தவர்களைப் புத்தளம் மாவட்டத்து மக்கள் முதலில் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஏற்றுச் சோறு போட்டார்கள். பிறகு கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு பகுதிகளில் தென்னந்தோப்புகளிலும் மணல்வெளிகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்களுக்கென்று கட்டிய கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து பள்ளிக்கூடம் போனது. நெல் விதைத்தவர்கள் வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிகளானார்கள். கூலிக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் வகுப்பறை இடத்துக்கும் போட்டி வந்தபோது, ஏற்றுக்கொண்ட சமூகமும் வறியது என்பதால் உரசல்களும் வந்தன. வாக்குரிமை ஓர் ஊரில், வயிற்றுப்பாடு இன்னோர் ஊரில் என்ற நிலை நீடித்தது. இவர்களுடைய வரலாற்றை முறையாக எழுதியவர்களில் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியராக இருந்தவருமான ச. ஹ. ஹஸ்புல்லாஹ் முதன்மையானவர். யாழ்ப்பாணத்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு அந்நாளிலேயே வெளியேற்றத்தைப் பதிவுசெய்து கண்டித்தது. சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை அமைத்த குடிமக்கள் ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அரசு தானே முன்வந்து இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை அமைக்கவில்லை.

திரும்பியவர்களும் காகிதமும்

2007 செப்டெம்பர் தொடக்கத்தில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றியது. 2009 மேயில் போர் முடிந்தது. தடையாக இருந்த இயக்கம் இல்லாமல் போனது. ஆனால் மீள்குடியேற்றத்தில் 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதியவர்கள்’ என்றும் அதற்கு முந்தியவர்கள் ‘பழையவர்கள்’ என்றும் பிரிக்கப்பட்டார்கள். உதவி முதலில் புதியவர்களுக்குச் சென்றது. முள்வேலி முகாம்களில் கிடந்த இலட்சக்கணக்கான தமிழர்களின் அவசரத்தைக் குறைகூற முடியாது. ஆனால் இருபது ஆண்டு காத்திருந்தவர்களின் துன்பம் பழையது என்பதாலேயே பின்னுக்குத் தள்ளப்பட்டது.

திரும்பி வந்தவர்கள் தம் ஊரை அடையாளம் காணவே பாடுபட்டார்கள். பாலையும் வீரையும் முற்றத்தில் வளர்ந்து நின்றன; கிணற்றுக் கட்டையும் பள்ளிவாசற் சுவரையும் வைத்தே யாருடைய வளவு எது என்று கணிக்க வேண்டியிருந்தது. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாக வந்தார்கள். அரச காணிக்கான அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் பலரிடம் அந்தத் தாள் இல்லை. தனியார் காணியில் வேறொருவர் பத்தாண்டுக்கு மேல் தடையின்றிக் குடியிருந்தால் உரிமை அவருக்கே மாறும் ஆட்சியுரிமைச் சட்டம் நாட்டில் உண்டு. துரத்தப்பட்டவர்களுக்கு எதிராக அந்தக் கடிகாரம் ஓடக்கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2016இல்தான். இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழிசெய்த சட்டம் 2013இல் வந்தது. அதுவும் தற்காலிக ஏற்பாடாக. யூதர்களின் சொத்தைத் திருப்பிக் கொடுக்க ஜெர்மனியின் அமெரிக்க ஆட்சிப் பகுதியில் 59ஆம் சட்டம் வந்தது 1947 நவம்பரில், போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள். இந்த இடைவெளியே இலங்கை அரசின் அக்கறையை அளந்து காட்டுகிறது.

காடு பற்றிய வழக்கு இன்னும் சிக்கலானது. 2012 ஒக்டோபரில், ஊரவரில் பெரும்பாலோர் இன்னும் புத்தளத்தில் இருக்கும்போதே, மறிச்சுக்கட்டி – கரடிக்குழி ஒதுக்குக் காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் முஸ்லிம்கள் வில்பத்துவை அழிக்கிறார்கள் என்ற கூச்சல் தென்னிலங்கை ஊடகங்களில் எழுந்தது. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பல ஒதுக்குக் காடுகளை ஒன்றாக்கி மாவில்லுப் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார். பரப்பு 40,000 ஹெக்டேருக்குச் சற்று மேல். சுற்றாடல் ஆர்வலர்களின் வாதம் முழுக்கப் பொய்யன்று. வறள்வலயக் காட்டின் மதிப்பு பெரிது. மீள்குடியேற்றத்தின் பேரில் அரசியல்வாதிகள் வரம்பு மீறவில்லை என்றும் சொல்ல முடியாது. கல்லாறு ஒதுக்குக் காட்டில் நடந்த துப்புரவு சட்டவிரோதமானது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் ஏற்க வேண்டும் என்றது. ஆனால் இதிலிருந்து முசலி ஊர்களே காட்டைத் திருடிய குடியேற்றங்கள் என்ற முடிவுக்குப் போக முடியாது. அவை மோதரகம ஆற்றுக்கு வடக்கே, தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கும் பழைய ஊர்கள். மறிச்சுக்கட்டியின் பெயர் முத்துக்குளிப்புப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. ஆட்கள் துரத்தப்பட்டதால் வளர்ந்த மரத்தை, அங்கே ஆட்கள் இருந்ததில்லை என்பதற்குச் சாட்சியாகக் காட்டுவது நியாயமன்று. எது ஆதிக்காடு, எது ஆளில்லாததால் மூண்ட பற்றை என்பதைப் பழைய நில அளவைப் படங்களைக் கையில் வைத்து, ஊர்ப் பெரியவர்களை உடன் நிறுத்தி, களத்தில் பிரித்திருக்க வேண்டும். வர்த்தமானி முதலில் வந்தது. ஊரவர் குரல் பிறகுதான் கேட்டது.

காடு ஒருபுறம், கடற்படை மறுபுறம். சிலாவத்துறை நகரின் நடுவில் முஸ்லிம்களின் குடியிருப்புக் காணிகளில் முகாம் அமைந்தது. விடுவிக்கக் கோரி மக்கள் 2018இல் தொடர் போராட்டம் நடத்தினார்கள். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழர்கள் 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது சில நாட்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் வெளியேறினார்கள். அவர்களுடைய ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமாயிற்று. 2017இல் தேவாலயத்துக்கு அருகே பல வாரம் அமர்ந்து போராடிய பிறகு ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் கிடைத்தது. வீடுகளும் குளங்களும் அடங்கிய ஊரின் மையப்பகுதி அதில் வரவில்லை. பாதுகாப்புக்காகத் தற்காலிகமாக என்று சொல்லி வெளியேற்றுவதும், பிறகு திரும்ப விடாமல் வைத்திருப்பதும் ஓர் இயக்கத்தின் தனிச்சொத்தல்ல என்பதற்கு முசலிக்குள்ளேயே இது சான்று. 1990இல் மறிச்சுக்கட்டிக்கு நேர்ந்ததை நியாயப்படுத்தியவர்களால் 2007இல் முள்ளிக்குளத்துக்கு நேர்ந்ததைக் கண்டிக்க வாயெடுக்க முடியாது, மறுதலையும் அப்படியே.

மதிப்பீடு

புத்தளத்தில் வீடும் தொழிலும் தேடிக்கொண்ட பலர் திரும்பவில்லையே, ஆகவே பிரச்சினை தீர்ந்ததல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. திரும்புவதும் தங்குவதும் அவரவர் தெரிவு. ஆனால் பள்ளிக்கூடமும் நீரும் காணித் தாளும் இல்லாத ஊருக்கும் இப்போதுள்ள இருப்பிடத்துக்கும் இடையே ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வது தெரிவைக் கொடுப்பதாகாது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையில் வட மாகாண முஸ்லிம்களுக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1990 வெளியேற்றத்துக்காக எந்த நீதிமன்றத்திலும் எவரும் குற்றவாளியாக நிறுத்தப்பட்டதில்லை; ஆணையிட்டவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லாததால் இனி அது நடக்கும் வாய்ப்பும் குறைவு. எனவே எஞ்சியுள்ள நீதி காணியில்தான் இருக்கிறது. மறிச்சுக்கட்டியின் எல்லையை ஊரவரோடு நின்று மறுபடி அளப்பதும், சிலாவத்துறையையும் முள்ளிக்குளத்தையும் உரியவர்களிடம் கொடுப்பதும், தமிழ்க் கட்சிகள் இந்த இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மேடையில் வைப்பதும் இன்றும் செய்யக்கூடியவை. அவை செய்யப்படும் வரை 1990இன் ஆணை முசலியில் நடைமுறையில்தான் இருக்கிறது.